மூன்றாவது பள்ளிக்கூடம்

மார்ச் 2

சின்னவளின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலம் என்று நானே எழுதிக்கொள்கிறேன். உங்களைக் கேட்டால் "எனக்கென்ன" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். போனில் பேசினால் இரண்டு பேரும் சீக்கிரமே வாயை மூடிக்கொள்கிறோம். பிறகு யார் முதலில் வைப்பது என்று தெரியாமல் காதில் பிடித்துக்கொண்டே நிற்கிறோம். அக்காதான் சொன்னாள், "பேசினாத்தானே வம்பு, எழுதிப் போடேன்" என்று. அவள் வீட்டில் வந்து உட்கார்ந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அவள் அலமாரியில் என் துணிகளுக்கு விட்ட இடம் மட்டும் வருடா வருடம் சுருங்கிக்கொண்டு வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மாற்றல் கிடைத்துவிட்டது. ஜூன் முதல் உங்கள் மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சின்னவளும் இந்த வருடத்தோடு ஐந்தாம் வகுப்பை முடிக்கிறாள். அடுத்தது நடுநிலைப் பள்ளி. எந்தத் தெருவில் குடியிருக்கிறோமோ அந்தப் பகுதிப் பள்ளியில்தான் இடம் தருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் முதலில் பள்ளி, பிறகுதான் வீடு. ஏப்ரல் முடிவதற்குள் விலாசம் கொடுக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு நேராக பஸ் போகிற இடங்களில் மூன்று அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. டவுனில் புதிதாகக் கட்டிய பெரிய பள்ளி, மேட்டுத் தெருவில் இருக்கும் சின்னப் பள்ளி, அப்புறம் நம் வீட்டுக்குப் பின்னால் இருப்பது. பெற்றோருக்குக் காட்டுகிற நாளில் எல்லாப் பள்ளியும் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் தீயணைப்புத் துறை ஆய்வாளர். படிக்கட்டுக்கு அடியிலும் சாமான் அறையிலும் தலையை விட்டுப் பார்க்கிற ஆள். தீ ஒத்திகை நடத்தப் பள்ளிகளுக்குப் போகும்போது கொஞ்சம் மற்றதையும் பார்த்து எழுதுங்கள். கணக்குப் பாடத்தைப் பயமுறுத்தாமல் சொல்லித் தருகிறார்களா? நூலகம் இருக்கிறதா, பூட்டிக் கிடக்கிறதா? ஓவிய வகுப்பு உண்டா? கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? வாத்தியார்கள் கத்துகிறார்களா?

மூன்றையும் பார்த்து ஒப்பிட்டு எழுத வேண்டும். மூன்றையும். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பள்ளி நல்லது என்று தெரிந்தால் நாங்கள் வேறு வீடு தேட வேண்டியதில்லை. நான் எதையும் முடிவு செய்யவில்லை. நீங்கள் இப்போதே மாடி அறைக்கு வெள்ளையடிக்கப் போய்விடாதீர்கள்.

சின்னவள் உங்களுக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள். கடிதத்தில் எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
சின்னவளின் அம்மா


மார்ச் 10

சின்னவளின் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. வெள்ளையடிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய், சரி. பெயிண்ட் கடைப் பக்கம் சும்மா நடந்துதான் வந்தேன். வாங்கவில்லை.

டவுன் பள்ளிக்குப் போன வியாழக்கிழமை ஒத்திகை போட்டேன். உள்ளே நுழைந்தால் ஏதோ விமான நிலையத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. முழுக்கக் கண்ணாடி. தலைமை ஆசிரியர் அம்மா என்னைப் பார்த்ததும் மாவட்டத்திலேயே கணக்குத் தேர்வில் தாங்கள்தான் முதல் என்று சொன்னார். நான் வாளியில் மணல் இருக்கிறதா என்றுதான் கேட்டிருந்தேன்.

நான் ஒத்திகை நடத்துகிற விதத்தை உனக்கு எப்போதும் முழுதாகச் சொன்னதில்லை. மணி அடிப்பதற்கு முன்னால் தலைமை ஆசிரியரிடம் மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு வகுப்பிலிருந்து ஒரே ஒரு பிள்ளையை ரகசியமாகக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்துவிடுவேன். கூட ஒரு பெரிய ஆளும் இருப்பார், பயப்பட ஒன்றுமில்லை. பிறகு மணி. எல்லாப் பிள்ளைகளும் வெளியே வந்து வரிசையில் நிற்பார்கள். வகுப்பு ஆசிரியர் எண்ணுவார். அந்த ஒரு பிள்ளை வரவில்லை என்பதைக் கண்டுபிடிக்கிறார்களா என்பதுதான் என் பரீட்சை. எவ்வளவு சீக்கிரம் வெளியே வந்தார்கள் என்பதெல்லாம் அப்புறம். சட்டத்தில் இப்படி ஒரு முறை இல்லை. கூட வேலை பார்க்கும் மீசைக்காரர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொள்ளட்டும்.

டவுன் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியை நூலகத்தில் உட்கார வைத்தேன். நூலகம் இருக்கிறது, எழுதிக்கொள். பூட்டவில்லை. மணி அடித்தது. பிள்ளைகள் சத்தமே இல்லாமல் வந்து நின்றார்கள். ஆசிரியர் கையில் ஒரு கணினிப் பலகை. விரலால் தட்டிக்கொண்டே போனார். காலையில் வந்த எல்லோரும் இருக்கிறார்கள் என்று எனக்குக் காட்டினார். அழகாகப் பச்சை நிறத்தில் இருந்தது. ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் நூலகத்துக்குத் திரும்பிப் போய் அந்தப் பெண்ணிடம், "உன்னைத் தேடலைம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே சொன்னாள், "தேடியிருக்க மாட்டாங்க சார். நான் இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கவா?" கோபமே இல்லாமல் கேட்டாள்.

அந்தப் பள்ளி வேண்டாம்.

மழை பெய்தால் மாடி அறை ஜன்னலை இறுக்கிச் சாத்தினாலும் உள்ளே ஈரம் வருகிறது. அதைச் சரி செய்துவிடுகிறேன். வெள்ளையடிப்பது வேறு, இது வேறு.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அப்பா


மார்ச் 15

சின்னவளின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "பள்ளிக்கூடம் எப்படின்னு கேட்டா, மணல் வாளியைப் பத்தி எழுதியிருக்காரே மனுஷன்" என்று சிரித்தாள். நானும் கூடச் சிரித்தேன், கொஞ்ச நேரம்.

நான் கேட்ட கேள்விகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் பதில் வந்திருக்கிறது. நூலகம் பூட்டவில்லை. கணக்கு எப்படிச் சொல்லித் தருகிறார்கள்? தெரியாது. ஓவியம்? தெரியாது. கழிப்பறைத் தாழ்ப்பாள்? தெரியாது. மாவட்டத்திலேயே முதல் இடத்தில் இருக்கும் பள்ளியை ஒரே வரியில் வேண்டாம் என்று தள்ளிவிட்டீர்கள். தீ ஒத்திகை வருடத்துக்கு ஒரு நாள். சின்னவள் மற்ற நாட்களிலும் பள்ளிக்குப் போவாள்.

நீங்கள் எதற்காக அப்படிப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் நான் கேட்டது சின்னவளுக்காக. அவளுக்குக் கணக்கென்றால் பயம். நாள் முழுக்கப் படம் வரைந்துகொண்டிருப்பாள். யாராவது சத்தமாகப் பேசினால் உதடு துடிக்கும், ஆனால் அழமாட்டாள். கொஞ்சம் உயர்ந்துவிட்டாள். என் தோளுக்கு வருகிறாள். காலணி வாங்கப் போனால் கடைக்காரர் அளவைப் பார்த்துவிட்டு "பையனுக்கா?" என்று கேட்டார். பெண்ணுக்கு என்று சொல்லிவிட்டு, பையன்கள் காலணி வரிசையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சின்னவள் உங்கள் கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டாள். எதற்கு ஒளிப்பது என்று விட்டுவிட்டேன். நூலகத்துப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்கிறாள். அவளுக்கு ஒரு படம் வரைந்து அனுப்ப வேண்டுமாம்.

மேட்டுத் தெருப் பள்ளியைப் பற்றி ஒழுங்காக எழுதுங்கள். தலை எண்ணுவதைத் தவிரவும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சின்னவளின் அம்மா


மார்ச் 23

சின்னவளின் அம்மாவுக்கு,

திட்டு வாங்கிக்கொண்டேன். இந்த முறை நல்ல பிள்ளையாக, நீ கேட்ட வரிசையிலேயே பதில்.

கணக்கு: ஏழாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே அரை மணி நேரம் நின்றேன். தீயணைப்பானைச் சோதிக்கிற மாதிரி அதையே திருகிக்கொண்டிருந்தேன். ஆசிரியர் வயதானவர், நிதானமானவர். தப்பாகச் சொன்ன பையனிடம், "எங்கே போய் இந்த விடையைப் புடிச்சே, வழியைச் சொல்லு" என்கிறார். அவன் சொல்லச் சொல்ல அவனே கண்டுபிடித்துவிட்டான். மதிப்பெண் பட்டியலில் பள்ளி கடைசிக்கு முந்தின இடம். நூலகம்: ஒரே ஒரு அலமாரி, அதுவும் ஆசிரியர்கள் அறையில். ஓவியம்: சுவரெல்லாம் ஓவியம். விதிப்படி அவசர வழிக் கதவில் எதையும் ஒட்டக் கூடாது. அதிலும் மீன் வரைந்து ஒட்டியிருந்தார்கள். எடுக்கச் சொன்னேன். கழிப்பறை: தாழ்ப்பாள் ஒன்று இருக்கிறது, ஒன்று இல்லை, குழாய் ஒழுகுகிறது. கத்துகிறார்களா: கத்துகிறார்கள், ஆனால் பிள்ளைகள் அதைவிடச் சத்தமாகக் கத்துகிறார்கள்.

இனி தலை எண்ணுவது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு பெண்ணைச் சமையலறையில், சமையல்காரம்மாவின் பக்கத்தில் உட்கார வைத்தேன். வகுப்பில் எல்லோரும் அவளைத் தொப்பி என்று கூப்பிடுகிறார்கள், தொப்பி இல்லாமல் வரமாட்டாளாம். மணி அடித்தது. ஒத்திகை என்று சொல்வதற்கே வெட்கமாக இருந்தது. சந்தை கலைகிற மாதிரி வந்தார்கள். பாதிப் பேர் சிரித்துக்கொண்டு, ஒருவன் ஒரு காலில் மட்டும் காலணியோடு. ஆசிரியை எண்ண ஆரம்பித்து இரண்டு தடவை விட்டுவிட்டார். நான் பேனாவை எடுத்தேன். அப்போது வரிசைக்குள்ளிருந்து ஒரு குரல், "டீச்சர், தொப்பி எங்கே?" உடனே இன்னொரு குரல், இன்னொரு குரல். "தொப்பி வரலை. தொப்பியை விட்டுட்டு வந்துட்டோம்." ஒரு பொடிசு என் சட்டையைப் பிடித்து இழுத்து, "நீங்கதானே தீயணைக்கிறவரு, போய்க் கூட்டிட்டு வாங்க" என்கிறாள். ஆசிரியை இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்.

நான் ஏன் இப்படிப் பார்க்கிறேன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும் என்று எழுதியிருந்தாய். ஆமாம். ஆனாலும் நாம் இரண்டு பேரும் ஒரு தடவைகூட உட்கார்ந்து அதைச் சொல்லிக்கொண்டதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன். அன்றைக்குப் பள்ளியிலிருந்து ஏரிக்குச் சுற்றுலா போய்த் திரும்பிய பஸ்ஸில் பெரியவனின் டீச்சர் எண்ணத்தான் செய்தார். இரண்டு தடவை எண்ணினார். பக்கத்து வகுப்புப் பையன் ஒருவன் சிநேகிதனோடு உட்காருவதற்காக இந்த பஸ்ஸில் ஏறிவிட்டிருந்தான். எண்ணிக்கை சரியாக இருந்தது. நம் பெரியவன்தான் இல்லை. பஸ் கிளம்பிவிட்டதைப் பார்த்து, குறுக்கே போய்ப் பிடித்துவிடலாம் என்று ஏரிக்கரையோரமாக நடந்திருக்கிறான். கரை சரிந்த இடத்தில்தான் மறுநாள் அவனுடைய பை கிடைத்தது. பிறகு அவனும். அதற்கப்புறம் எண்ணிக்கை என்று யாராவது சொன்னால் எனக்குக் கேட்பதே இல்லை.

எல்லாப் பள்ளியிலும் ஒன்று நடக்கிறது. வரிசையில் பின்னால் நின்று பார்க்கும்போது, யாராவது ஒரு பிள்ளையின் காலர் ஒரு பக்கம் உள்ளே மடங்கியிருக்கும். பெரியவனுக்கு எப்போதும் அப்படித்தான். என் கை தானாகப் போகிறது. தொடுவதற்குள் அந்தப் பிள்ளை திரும்பிவிடும். வேறு யாரோ. கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்பேன். மேட்டுத் தெருவிலும் அப்படி நின்றேன்.

சின்னவள் படிப்பாள் என்றால் இந்தப் பக்கத்தை நீ எடுத்து வைத்துக்கொள்.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அப்பா


மார்ச் 28

சின்னவளின் அப்பாவுக்கு,

எடுத்து வைத்துக்கொண்டேன். ஆனால் அவள் அதற்கு முன்பே படித்துவிட்டாள். "அண்ணன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினானா, நடந்தானா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "ஓடியிருப்பான்" என்றாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு நான் ஏன் கிளம்பினேன் என்று உங்களுக்கும் தெரியும், நாம் அதையும் சொல்லிக்கொண்டதில்லை. நீங்கள் என்னை அடித்ததில்லை, குடித்ததில்லை. அக்கா அக்கம்பக்கத்தாருக்கு என்ன காரணம் சொல்வதென்று தெரியாமல் திண்டாடினாள். சாப்பிட உட்கார்ந்தால் நீங்கள் எண்ணுவீர்கள். உதடு அசையும். படுத்தால் வாசலில் வந்து நின்று எண்ணுவீர்கள். எத்தனை தடவை எண்ணினாலும் உங்களுக்குக் குறையும். எதிரில் இருக்கிற ஒரு பிள்ளை, இல்லாத பிள்ளையைவிடக் குறைந்தவளாகவே வளர்ந்தாள். எட்டு வயதில் அவள் என்னிடம், "நான் ரெண்டு பேரா இருந்தா அப்பாவுக்குச் சரியாயிடுமா?" என்று கேட்டாள். மறுநாள் பெட்டியைக் கட்டினேன்.

எனக்கு மட்டும் ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். பரிசோதனைக்கு வருகிற ரத்தக் குப்பிகளில் வயது எழுதியிருக்கும். பன்னிரண்டு, ஆண் என்று வந்தால் அந்தக் குப்பி கையில் வெதுவெதுப்பாக இருக்கிற மாதிரி தோன்றும். எல்லாக் குப்பியும் குளிர்ப்பெட்டியிலிருந்துதான் வருகிறது.

இப்போது மூன்றாவது பள்ளி. நம் வீட்டுக்குப் பின்னால் இருப்பது, பெரியவன் படித்தது. பெரியவன் போனதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்தப் பள்ளியை மீசைக்காரர் தலையில் கட்டிவிட்டு நீங்கள் வேறெங்கோ போகிறீர்கள். அவர் மனைவி என்னிடம் சொன்னார். நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் சின்னவளுக்கு அந்தப் பள்ளிதான் வேண்டுமாம். அண்ணன் உட்கார்ந்த வகுப்பில் உட்கார வேண்டுமாம். மதிப்பெண் பட்டியலிலும் நன்றாக இருக்கிறது, ஓவியத்துக்குத் தனி அறை இருக்கிறது என்றும் கேள்விப்பட்டேன். அன்றைக்கு பஸ்ஸில் எண்ணிய அந்த டீச்சர் இன்னமும் அங்கேதான் இருக்கிறாராம்.

ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தப் பள்ளிக்குள் போய், ஒத்திகையை நடத்தி, மற்ற இரண்டு பள்ளியைப் பார்த்த மாதிரியே பார்த்து, திரும்பி வர உங்களால் முடிந்தால், நான் சின்னவளோடு நம் வீட்டுக்கே வந்துவிடுகிறேன். வரவேண்டும் என்றுதான் எனக்கும் இருக்கிறது. உங்களால் முடியாது என்றால் அதையும் எழுதுங்கள். அதற்கு ஏற்ற மாதிரி வீடு பார்ப்பேன்.

இப்படிக்கு,
சின்னவளின் அம்மா


ஏப்ரல் 9

என் அன்புக்குரியவளுக்கு,

போனேன். திரும்பியும் வந்துவிட்டேன். முதல் வேலையாக உனக்கு எழுதுகிறேன், பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

மீசைக்காரர் "நான் வேணா கூட வரட்டா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கேட் அதே பச்சை. உள்ளே அதே ஈரத்துணி வாசனை. ஓவிய அறை நீ சொன்னது போலவே தனியாக இருக்கிறது, பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம். நூலகத்தில் பிள்ளைகள் தரையில் படுத்துக்கொண்டு படிக்கிறார்கள். கணக்கு ஆசிரியை இளம் வயது, சிரிக்கிறார். தாழ்ப்பாள்கள் எல்லாம் இருக்கின்றன, நானே ஒவ்வொன்றாகப் போட்டுத் திறந்து பார்த்தேன். கத்தல் இல்லை. சின்னவளுக்கு என்று அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

ஒத்திகைக்கு அந்த டீச்சரின் வகுப்பைத்தான் எடுத்துக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியுமா என்று பயந்துகொண்டிருந்தேன். தலைமுடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அங்கே யாரையும் உள்ளே ஒளித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு பிள்ளையைக்கூட நான் நிறுத்தி வைக்கவில்லை, அதை நன்றாகக் கவனித்துக்கொள். மணியை மட்டும் அடித்தேன்.

பிள்ளைகள் வந்து நின்றார்கள். தூறல் போட ஆரம்பித்தது. டீச்சர் ஒவ்வொருவர் தோளையும் தொட்டுத் தொட்டு எண்ணினார். திரும்ப எண்ணினார். அப்புறம் தலைமை ஆசிரியரைப் பார்த்து, "ஒருத்தர் குறையறாங்க" என்றார்.

தலைமை ஆசிரியர் என் பக்கம் வந்து மெல்லிய குரலில், "எண்ணிக்கை சரிதான் சார். எல்லா ஒத்திகையிலும் இப்படித்தான் சொல்வாங்க. நாங்க விட்டுடுவோம், உள்ளே ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுவாங்க" என்றார். அதற்குள் அவரை மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து வேறு வகுப்புக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

டீச்சர் கட்டிடத்துக்குள் போனார். மணி அடித்த பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது. அதற்காகத்தான் எனக்குச் சம்பளம். நான் அவரைத் தடுக்கவில்லை. பின்னாலேயே போனேன்.

விளக்கெல்லாம் அணைத்திருந்தார்கள். நடைபாதை நீளத்துக்கும் எங்கள் காலடிச் சத்தம். அவர் ஒரு பக்கத்து அறைகளைப் பார்த்தார், நான் மறு பக்கத்தை. மேசைக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், படிக்கட்டுக்கு அடியில். "அங்கே பார்த்தீங்களா?" "பார்த்துட்டேன் டீச்சர்." "மாடியிலே?" "வாங்க போவோம்." யாரைத் தேடுகிறோம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஓவிய அறைக் கதவைத் திறந்தபோது, இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி ஒரு நாற்காலி மேசையை விட்டுத் தள்ளி இருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். "சத்தம் கேட்டுச்சில்ல?" என்றார். கேட்டது என்றேன். நிஜமாகவே கேட்டது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை யாரிடம் சொன்னாலும் பைத்தியம் என்பார்கள், உன்னிடம் சொல்கிறேன். இத்தனை வருடமும் நான் தனியாகத் தேடிக்கொண்டிருந்தேன். என்னைப் போலவே குறைகிறது என்று சொல்ல இன்னொரு ஆள் இருக்கிறார். அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இனி ஒத்திகை நடக்கும்போதெல்லாம் நானே வருகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் வெளியே வந்தபோது மழை வலுத்திருந்தது. வரிசை கலைந்து பிள்ளைகள் மரத்தடியிலும் கேட் பக்கமும் நின்றிருந்தார்கள், கேட் திறந்துதான் கிடந்தது. டீச்சர் வகுப்புக்குப் போகச் சொன்னார், ஓடிப்போய்விட்டார்கள்.

அதனால் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மாவட்டத்திலேயே இந்தப் பள்ளிதான் சிறந்தது. இங்கே ஒரு பிள்ளையும் தொலையாது. அந்த டீச்சர் விடமாட்டார், நானும் இருக்கிறேன். சின்னவளைக் கூட்டிக்கொண்டு வா. இன்றைக்கே பெயிண்ட் வாங்கிவிடுகிறேன். என்ன நிறம் வேண்டும் என்று அவளைக் கேட்டு எழுது.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
பிள்ளைகளின் அப்பா


ஏப்ரல் 18

சின்னவளின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் முதலில் அழுதேன். அவ்வளவு சந்தோஷமாக நீங்கள் எழுதிப் பல வருடம் ஆகிறது. கையெழுத்துகூடப் பழைய கையெழுத்து. அக்கா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். "நல்ல விஷயம்தானேடி" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக்கூட இறக்கினேன். அப்புறம் இரண்டாவது தடவை படித்தேன்.

நீங்கள் இரண்டு பேரும் உள்ளே தேடிக்கொண்டிருந்தபோது, வெளியே நின்ற பிள்ளைகளோடு யார் இருந்தார்கள்? கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. தலைமை ஆசிரியர் போய்விட்டார். டீச்சர் உள்ளே போனார். நீங்கள் அவர் பின்னால் போனீர்கள். மழை பெய்கிறது, கேட் திறந்து கிடக்கிறது, கேட்டுக்கு வெளியே லாரி போகிற ரோடு. நீங்கள் இரண்டு பேரும் வெளியே வந்து அவர்களை உள்ளே போகச் சொன்னீர்கள். போவதற்கு முன்னால் எண்ணினீர்களா? நீங்கள் எண்ணவில்லை. அவரும் எண்ணவில்லை. ஊரில் இருக்கிற பிள்ளைகளையெல்லாம் எண்ணிக்கொண்டு திரிகிற நீங்கள், அன்றைக்கு அந்தப் பிள்ளைகளை எண்ணவே இல்லை.

அந்த வரிசையில்தான் சின்னவள் நின்றிருப்பாள். அவள் கேட்டைத் தாண்டிப் போயிருந்தால்கூட, நீங்கள் மாடியில் ஒரு நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பீர்கள்.

கோபத்தில் எழுதவில்லை. எனக்குக் கோபம் வந்தால் உங்களுக்குத் தெரியும், எழுத்து சின்னதாகிவிடும். உங்கள் மேலும் இல்லை, அந்த டீச்சர் மேலும் இல்லை. ஒரு நாள் நானே போய் அவரைப் பார்ப்பேன், அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவேன். ஆனால் மணி அடிக்கிற நாளில் போகமாட்டேன். போனால் உங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் மூன்றாவது ஆளாக நானும் உள்ளே போய்விடுவேன். அந்த நாற்காலியை எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததிலிருந்து அது எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று உங்களைக் கேட்க வேண்டும் போல இருக்கிறது. அதனால்தான் அந்தப் பள்ளி வேண்டாம் என்கிறேன். சின்னவளைப் பார்த்துக்கொள்ள வெளியே யாராவது ஒருவர் நிற்க வேண்டும்.

மேட்டுத் தெருவில் தையல் கடைக்கு மேலே இரண்டு அறை கிடைத்திருக்கிறது. முன்பணம் கொடுத்துவிட்டேன். விலாசத்தை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டேன். நூலகம் ஒரே அலமாரிதான், தெரியும். மதிப்பெண் பட்டியலில் கடைசிக்கு முந்தின இடம், அதுவும் தெரியும். கழிப்பறைக் குழாயை நானே சண்டை போட்டுச் சரி செய்ய வைப்பேன். ஆனால் "தொப்பி எங்கே" என்று கேட்கிற பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். மூன்று பள்ளிகளையும் நீங்கள் சரியாகத்தான் ஒப்பிட்டீர்கள். முடிவை மட்டும் மாற்றி எழுதிவிட்டீர்கள்.

அந்தப் பள்ளி ஒத்திகையை இனி மீசைக்காரரிடம் விட்டுவிடுங்கள். இது நான் உங்களிடம் கேட்கிற ஒன்று.

சின்னவளிடம் சொன்னேன். அண்ணன் வகுப்பில் உட்கார முடியாது என்றதும் தன் வரைபடக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, மேட்டுத் தெருவில் அவசர வழிக் கதவில் ஒட்டக் கூடாது என்றால் வேறு எங்கே மீன் ஒட்டுவார்கள் என்று கேட்டாள். உங்களைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று நானாகக் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "அப்பா என்னைப் பார்க்கும்போது எனக்குப் பின்னாடி பார்ப்பாரும்மா. யாரோ வர்றாங்கன்னு நானும் திரும்பிப் பார்ப்பேன்." குறையாகச் சொல்லவில்லை. நான் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தபோது சும்மா சொன்னாள்.

ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்கு வாருங்கள். எல்லா ஞாயிறும் வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம். படி ஏறி வந்து கதவைத் தட்டினால் அவள்தான் திறப்பாள், வேறு யாரையும் திறக்க விடமாட்டாள். திறந்ததும் அவளைப் பாருங்கள். அவள் பின்னால் யாரும் வரமாட்டார்கள். அவள் ஒருத்திதான் வருவாள்.

இப்படிக்கு,
சின்னவளின் அம்மா